படையலில் ஒரு பச்சைச் சம்பல்

குகதாசன் இத்தாலியில் வாகனம் மோதிச் செத்துப்போன செய்தி யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க்கு வந்துசேரப் பதினேழு நாளாயிற்று. உடலும் இல்லை, சாம்பலும் இல்லை. செய்தி வந்த நாளிலிருந்து எண்ணி எட்டாம் நாள் எட்டுச் செலவு வைத்தார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். கணவாய்க்கறி, முட்டைப்பொரியல், ஒடியல்கூழ் என்று தகப்பன் கதிரவேலர் அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் பதினெட்டு வயதுவரை அவன் தின்றவை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் பிள்ளை காற்றையா குடித்தான்? தாய் ஞானாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுடைய கடைசிக் கடிதம் அவளிடம் இருந்தது. ஜெனோவாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் அவனுக்குச் சமையல் வேலை. 'பெஸ்தோ எண்டு ஒரு பச்சைச் சம்பல், அம்மா. எங்கடை திருநீற்றுப்பச்சை மாதிரி இலை. இப்ப கடையிலை அதை என்னைத்தான் செய்யச் சொல்லுவினம். எனக்கும் அதெண்டால் உயிர். உரலிலை மெல்ல இடிக்கவேணும், அவசரப்பட்டால் இலை கறுத்திடும்.'

ஊருக்குள் கதிரவேலர் பரப்பி வைத்திருந்த கதை வேறு. மகனுக்குக் கந்தோரில் மேசை நாற்காலி போட்ட பெரிய உத்தியோகமாம். ஏழு வருஷமாக ஞானாம்பிகையும் வாயை மூடிக்கொண்டு அதற்குத் தலையாட்டினாள். அந்த வெட்கங்கெட்ட தலையாட்டல்தான் இப்போது அவளைத் தின்றது.

படையலில் அது இருந்தே ஆகவேண்டும். கிணற்றடியில் நின்ற திருநீற்றுப்பச்சையை ஒடித்துக் கழுவி, இலை இலையாகத் துணியில் ஒற்றினாள். அவன் எழுதியிருந்ததில் கைக்கு எட்டியவரை உள்ளிப்பூண்டு, உப்பு, வறுத்த கச்சான் கடலை. ஒலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பாற்கட்டிக்கு எங்கே போவது? அதை விட்டுவிட்டாள்.

கதிரவேலர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"சாமிக்குச் சாத்திற இலையை உள்ளியோடை இடிக்கிறியே? உனக்கென்ன விசரே?"

"பிள்ளைக்குப் பிடிச்சது."

"சனம் கேட்டால் என்ன சொல்லுறது?"

அதுதானே பார்த்தாள். அவரை உறுத்தியது சாமியும் இல்லை, இலையும் இல்லை, சனம். அவள் இலை கறுக்காதபடி மெல்ல இடித்தாள்.

படைத்து முடிந்து எல்லாரும் சாப்பிட இருந்தபோது, கதிரவேலரின் தமக்கை பத்மாவதி அந்தக் கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தாள்.

"உதென்ன, தம்பி?"

"வல்லாரைச் சம்பல், அக்கா." கதிரவேலர் முந்திக்கொண்டார். "சின்னனிலையே விரும்பித் தின்னுறவன். கந்தோருக்குப் போகேக்கையும்..." சால்வையால் கண்ணைத் துடைத்தார். சனம் உச்சுக் கொட்டியது.

ஞானாம்பிகை அகப்பையைக் கீழே வைத்தாள்.

"வல்லாரை இல்லை, மச்சாள். பெஸ்தோ. என்ரை பிள்ளை கடையிலை நிண்டு இடிச்சது. அவனுக்குக் குசினியிலைதான் வேலை."

சோற்றில் வைத்த கைகள் அப்படியே நின்றன. கதிரவேலர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இண்டைக்கெண்டாலும் நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்," என்றார் மெல்ல.

"ஏழு வருசம் மூடித்தானே இருந்தனான்." அவள் குரல் உயரவில்லை. "உந்தக் கந்தோர்க்காரன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. அவனுக்கு நீங்கள் இருந்து அழுங்கோ. செத்தது குசினிக்காரன். அவனுக்கு நான் அழுறன்."