நாற்பத்தொரு கோடைத் தண்ணீர்

லோங்ஷார் தீவின் படகுத்துறையில், அக்டோபர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஸ்டூரேயும் அவன் தம்பியும் வைத்திருந்த பாய்மரப் படகின் எஞ்சின், தான் நாற்பத்தொரு கோடைகளில் குடித்த கடலையெல்லாம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. அன்றைக்குத் துறையில் ஹெர்ரிங் மீன் கிலோ நான்கு யூரோ. காற்று வடமேற்கு. ஞாயிறு இரவிலிருந்து உறைபனி என்று வானொலி சொல்லியிருந்தது.

அந்தத் தீவில் எல்லோரும் ஒரே நாளில்தான் படகுகளைக் கரையேற்றுவார்கள். கிரேன் ஐனாவின் கையில். அவள் அதட்டினால் கிரேனே ஒழுங்காக நடக்கும் என்பார்கள். கரையேறிய படகின் எஞ்சினிலிருந்து, அதைக் குளிர்விக்க உள்ளே ஓடிய கடல்தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடிக்க வேண்டும்; பிறகு உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை உறிஞ்சக் கொடுக்க வேண்டும். தண்ணீர் உள்ளே தங்கினால் பனியில் கட்டியாகி இரும்பைப் பிளந்துவிடும். இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மேலே எஞ்சினோடு, ஒருவர் கீழே வாளியோடு. ஸ்டூரேயும் அவன் தம்பி ஹெல்கேயும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அப்பா வால்ஃப்ரிட் விட்டுப்போன படகை வாரம் மாற்றி வாரம் ஓட்டினார்கள். இந்த ஒரு நாள் மட்டும் சேர்ந்தே ஆக வேண்டும். பேசாமல் எப்படி? படகின் பலகையில் ஒரு தட்டு தட்டினால் வடிகுழாயைத் திற, இரண்டு தட்டினால் மூடு. அந்த வருடம் தண்ணீர்ப் பம்பும் ஒழுக ஆரம்பித்திருந்ததால் புதுப் பம்பு ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள்.

வழக்கமாக ஒரு வாளி கூட நிறையாது. அன்று ஏழாவது வாளியும் நிறைந்தபோது ஹெல்கே பலகையை இரண்டு தட்டு தட்டினான். மேலே ஸ்டூரே மூடவில்லை. ஐனா வந்து வாளிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"இது இந்த வருஷத்துத் தண்ணி இல்ல. போன வருஷம் பச்சைப் பாசி அப்பிக் கெடந்துச்சே, அந்தத் தண்ணி. உங்க எஞ்சின் குடிச்சதெல்லாம் கக்குது."

"மூடச் சொல்லு அவன்கிட்ட" என்றான் ஹெல்கே.

"நீயே சொல்லேன். வாயில என்ன ஹெர்ரிங்கா வெச்சிருக்க?" என்றாள் ஐனா. பிறகு மேலே பார்த்துக் கத்தினாள். "ஸ்டூரே, மூடாத! முழுசா வடியட்டும். நாளை ராத்திரிக்குள்ள வடியலன்னா எஞ்சின் ரெண்டாப் பொளந்துடும்."

ஒவ்வொரு கோடைக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம் பிடித்தது. ஜெல்லி மீன்கள் திரண்ட கோடை குட்டிக் குட்டி ஜெல்லி மீன்களோடு வந்தது. மழையே ஓயாத கோடை உப்பில்லாமல் வந்தது. துறையில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவரவர் எஞ்சினை வடிக்கப் போய்விட்டார்கள். ஸ்டூரேதான் எஞ்சின் குழிக்குள் முடங்கி உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பத்தாவதாக வரப்போவது எந்தக் கோடை என்று அவனுக்குத் தெரியும்.

அந்தக் கோடையில், ஆகஸ்டு மாதத்தில், பெரிய தீவின் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்தது. அன்று கப்பல் கிடையாது, காற்றும் கிடையாது. அண்ணன் தம்பி இருவரும் எஞ்சினைப் போட்டுக் கிளம்பினார்கள். நடுக்கடலில் எஞ்சின் கொதித்து நின்றது. கடல்தண்ணீரை எஞ்சினுக்குள் இழுக்கும் பம்பைத் திறந்தால், உள்ளே சுழலும் ரப்பர்ச் சக்கரத்தின் ஆறு இதழ்களில் ஒன்றைக் காணோம், மற்றவை கந்தல். ஆறு மணி நேரம் அசையாத கடலில் மிதந்த பிறகு ஒரு மீன்படகு வந்து இழுத்துப் போனது. அப்பா நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தார். இவர்கள் ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வசந்தம்தோறும் புது ரப்பர் மாட்ட வேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பான விதி. அந்த வருடம் அது ஸ்டூரேயின் பொறுப்பு. பழசு பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே மாட்டியிருந்தான். ஆனால் நடுக்கடலில் அவன் வாயிலிருந்து வந்தது வேறு. "கடல்தண்ணி வால்வத் தெறக்காமயே ஸ்டார்ட் பண்ணிட்ட. பம்பு தண்ணியில்லாம காஞ்சுபோய் ஓடிருக்கு" என்று தம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கந்தல் சக்கரத்தைக் கடலில் வீசினான். ஹெல்கேவால் இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. அந்தக் காலைப் பதற்றத்தில் வால்வைத் திறந்தோமா என்பது அவனுக்கு நினைவில்லை. கரைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டான். அண்ணன் மேல் கோபம் என்று ஊர் நினைத்தது. அது வெட்கம் என்று ஸ்டூரேவுக்குத் தெரியும்.

இரண்டே முக்காலுக்கு அந்தக் கோடை வந்தது. வெதுவெதுப்பாக, அசைவே இல்லாத தண்ணீர். சொட்டுச் சொட்டாக விழுந்து, நின்றது. வடிகுழாய் அடைத்திருந்தது. எல்லோரும் செய்வதுபோல் ஸ்டூரே கம்பியை விட்டுக் குடைந்தான். உள்ளங்கையில் கறுப்பாக ஒரு ரப்பர் இதழ் வந்து விழுந்தது. காய்ந்து ஓடிய ரப்பர் உருகி வழவழப்பாகியிருக்கும். இது விறைத்து, அடியில் வெடித்திருந்தது. இது மாற்றாமல் விட்டுப் பழசாகிப் போன ரப்பர் என்று எஞ்சின் வைத்திருக்கும் எவனும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான்.

கீழிருந்து பலகையில் ஒரு தட்டு. ஏன் நின்றது என்று கேட்கிறான். சட்டைப்பை பக்கத்திலேயே இருந்தது. போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஸ்டூரே இதழைப் பைக்குள் போட்டான். உடனே எடுத்தான். அப்பாவைக் கடைசியாக ஒருமுறை பார்க்காமல் போனது ஒரு பாவம். அதைத் தம்பி தலையில் ஒன்பது வருடம் சுமத்தி வைத்திருந்தது அதைவிடப் பெரிய பாவம். ஐம்பத்தெட்டு வயதில், இதழைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் ஏணியில் இறங்கினான்.

"வால்வ நீ தெறந்துதான் வெச்சிருந்தடா" என்றான். "நான்தான் ரப்பர மாத்தல. பழசையே போட்டேன்."

ஹெல்கே இதழை வாங்கினான். வளைத்துப் பார்த்தான். அது கையிலேயே ஒடிந்தது.

"தெறந்தேனா நான்?"

"தெறந்த."

ஹெல்கே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். மேலே குழாய் மறுபடி பீறிட்டு, அந்தக் கோடையின் தண்ணீர் இருவர் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது.

"ஒம்போது வருஷம், அண்ணா. தெனமும் தூங்கப் போறப்ப அந்த வால்வப் பத்தியே நெனப்பேன்."

"தெரியும்டா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா மூக்குலயே ரெண்டு குத்து விட்டுருப்பேன். அதோட போயிருக்கும்."

"இப்ப விடேன்."

"இப்ப விட்டா கெழவன அடிச்சான்னு ஐனா ஊரெல்லாம் சொல்லுவா."

"சொல்லத்தான் செய்வேன்" என்றாள் ஐனா கிரேனிலிருந்து. "அழறதா இருந்தா அழுங்க. வாளிய மட்டும் கவுத்துப் போடாதீங்க, தண்ணி வீணாப் போகுது."

விடிய விடிய வடிந்தது. அப்பா சுக்கான் பிடித்த கோடைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் குடிக்கும் சுருட்டு வாசனை அந்தத் தண்ணீரில் இருந்தது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. ஞாயிறு காலை படகு வாங்கிய முதல் கோடையும் வடிந்து, எஞ்சின் வறண்டது. புதுப் பம்பை ஹெல்கே மாட்டினான், ஸ்டூரே விளக்குப் பிடித்தான். திரவம் இளஞ்சிவப்பாகப் புகைக்குழாய் வழியே வந்தது. அன்றிரவு மைனஸ் ஏழு.

வடிந்த தண்ணீர் படகுக்கு அடியில் ஒரு சின்னக் குளமாகத் தேங்கியது. கடலே உறைந்த அந்தக் குளிர்காலத்தில் குளம் மட்டும் உறையவில்லை. அதைச் சுற்றி பத்தடிக்கு ஜூலை மாதம் இருந்தது. தீவுக்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொள்ளப் பழகினார்கள். ஸ்டூரே தினமும் மதியம் இரண்டு கோப்பை காபியோடு குளத்தில் காலை விட்டு உட்கார்ந்திருப்பான். ஹெல்கேவுக்குக் கோபம் ஆறவில்லை. அதைச் சொல்வதற்காகத் தினமும் வந்தான்.