பதினாறு படம் குறைகிறது

சட்டம் வந்துவிட்டது; உள்ளே வைக்கப் படம்தான் இல்லை.

சட்டக்கடைக்காரர் அதைக் கூடத்து மேசைமேல் சாய்த்து வைத்தார். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல், "கண்ணாடி நல்ல கண்ணாடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளறையில் அவள் கணவர் கிடத்தப்பட்டிருந்தார். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு எடுக்க வேண்டும்.

மகள் அலமாரியில் இருந்த ஆல்பங்களையெல்லாம் தரையில் பரப்பியிருந்தாள். ஊரில் பாதிப் பேரின் கல்யாணம் அவளைச் சுற்றிக் கிடந்தது. அப்பா எதிலும் இல்லை.

"போட்டோக்காரர் வீட்டுல ஒரு போட்டோ இல்லைன்னா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். அவருக்கே சிரிப்பு வரும்."

செல்போன்களிலும் தேடியாயிற்று; எல்லாவற்றிலும் அவர் முகம் கேமராவுக்குப் பின்னால் இருந்தது. கிடைத்தவை இரண்டு. ஒன்று அவர்களுடைய கல்யாணப் படம். அதில் இருந்த அடர்மீசைக்காரரை இன்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. இன்னொன்று அடையாள அட்டையில் இருந்தது. அதில் அவர் எதையோ திருடி மாட்டிக்கொண்டவர்போல் விழித்தார்.

"ஒவ்வொரு கல்யாணத்துலயும் நீ அப்பாவ எடுப்பியே, அதெல்லாம் எங்கம்மா?"

எங்கே இருக்கும்? கல்யாணங்களுக்கு இருவரும் ஆளுக்கொரு கேமராவோடு போவார்கள். வேலை தொடங்குமுன் வெளிச்சம் பார்ப்பதற்காக அவர் மேடையில் போய் நிற்பார், மோவாய்க்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு. அந்தத் தாள் வெள்ளையாக விழுந்தால் மற்ற நிறங்களும் சரியாக விழும் என்பது அவர் கணக்கு. அவருடைய கேமராவில் அவள்தான் அமுக்குவாள். இருபது வருஷத்தில் ஆயிரம் தடவையாவது அமுக்கியிருப்பாள். வேலை முடிந்து கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, "வெளிச்சத்துக்கு எடுத்தது யாருக்கு வேணும்?" என்று அவற்றை விட்டுவிடுவார். பிறகு கேமராவின் மெமரி கார்டை ஃபார்மட் பண்ணிவிடுவார்.

அந்த ஃபார்மட் விஷயத்தில் இருவருக்கும் ஓயாத சண்டை. அவள் அழிக்கிற கட்சி. பிடித்த படத்துக்குச் சாவி அடையாளம் போட்டுப் பூட்டிவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னால், பூட்டியது மட்டும் கார்டில் தங்கும். ஃபார்மட்டுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. பூட்டையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

"அழிச்சு அழிச்சு வெச்சீன்னா கார்டு ஒருநாள் காலை வாரிடும். மோதிரம் மாத்தற நேரம் பாத்து நின்னுடும்" என்பார்.

"வீட்டக் கூட்டுன்னா வீட்டையே இடிச்சுட்டு வர்ற ஆளு நீங்க" என்பாள்.

ஒருமுறை அவள் கார்டு உண்மையாகவே மோதிரம் மாற்றும்போது நின்று தொலைத்தது. அப்புறம் ஆறு மாதத்துக்கு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பதினோரு மணிக்கு வீடியோக்காரர் வந்தார். பதினைந்து வருஷமாக அவர்களோடு வேலை செய்கிறவர். சாயங்காலம் ஒரு வரவேற்புக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். காலையில் அவள்தான் அவரைக் கூப்பிட்டிருந்தாள்.

"இன்னிக்குப் போயி இதெல்லாம் நினைக்கறீங்களேக்கா."

"அந்தப் பொண்ணுக்கு வேற நாள் ஏது? நாலு மணிக்கு அப்புறம் கிளம்புங்க. அவரு கேமராவயே எடுத்துக்கோங்க."

அவர் மூலையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். அழுகிற நேரத்தில் கைக்கு ஒரு வேலை கிடைத்தது அவருக்கும் நல்லதாகத்தான் இருந்தது.

"பேட்டரி ஃபுல்லா இருக்குக்கா. கார்டும் உள்ளயே இருக்கு. ஆயிரத்து இருநூத்திப் பதினெட்டு எடுக்கலாம்னு காட்டுது." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "அண்ணன் சொல்றாப்ல, எதுக்கும் ஒரு தடவ ஃபார்மட் பண்ணிடறேன்."

அவள் தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் அந்த எண் மண்டையில் ஏறியது. ஒவ்வொரு வேலைக்கும் கிளம்புமுன் அவரவர் கேமராவில் இன்னும் எத்தனை எடுக்கலாம் என்பதை வாய்விட்டுச் சொல்வது அவர்கள் வழக்கம். காலிக் கார்டின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"நில்லுங்க! அமுக்காதீங்க!"

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீடியோக்காரரின் கட்டைவிரல் பொத்தானின் மேல் அப்படியே நின்றது.

"என்னக்கா?"

"காலிக் கார்டுன்னா ஆயிரத்து இருநூத்தி முப்பத்தி நாலு காட்டணும். பதினாறு குறையுது. இங்க குடுங்க."

அவசரத்தில் முதலில் வேறு பொத்தானை அமுக்கிவிட்டாள். பிறகு படம் வந்தது. யாருடைய மேடையிலோ அவர் நின்றிருந்தார், மோவாய்க்குக் கீழே வெள்ளைத் தாளோடு. மூலையில் சின்னதாகச் சாவி அடையாளம். அடுத்ததில் வேறு மேடை, அதே தாள். ஒன்றில் புருவத்தைத் தூக்கியிருந்தார். ஒன்றில் "எடுத்தாச்சா?" என்று பாதி வாய் திறந்திருந்தது. கடைசிப் படம் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பதினாறு படம், பதினாறு சாவி.

முதல் படத்தின் தேதியைப் பார்த்தாள். பதினோரு மாதத்துக்கு முன்னால். தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, "லேசா பிரஷர், உப்பக் கொறைக்கணும், அவ்ளோதான்" என்று சொன்ன அதே வாரம். அன்றிலிருந்து அவ்வப்போது ஒன்றாகத் தன் படத்தைப் பூட்டி வைத்திருக்கிறார். ஃபார்மட் பண்ணவில்லை, அவள் வழியில் அழித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "ஃபார்மட் பண்ணியாச்சு" என்று வாய் கூசாமல் சொல்லி, காலிக் கார்டின் எண்ணையே ஒப்பித்தும் இருக்கிறார்.

"திருட்டு மனுஷன்" என்றாள். மகள் எழுந்து வந்து தோளை ஒட்டி நின்றாள்.

சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்படி ஒரு காலையில் தரையில் ஆல்பத்தைப் பரப்பிக்கொண்டு தவிப்பார்கள் என்று அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக இருபது வருஷப் பிடிவாதத்தைச் சத்தமில்லாமல் விட்டிருக்கிறார். நெஞ்சு நிறைய நன்றிதான் வந்தது. உள்ளறைக்குப் போய், மடக்கி வைத்திருந்த அவர் கைமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மகள் பதினாறையும் கம்ப்யூட்டரில் இரண்டு இடத்தில் ஏற்றினாள். கடைசிப் படத்தை அச்சுப் போடக் கிளம்பிய வீடியோக்காரர் வாசலில் தயங்கினார்.

"பேப்பர வெட்டிட்டு முகம் மட்டும் போட்டுடலாங்களாக்கா?"

"வேணாம். முழுசாப் போடுங்க."

"வர்றவங்க என்ன பேப்பர்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும், சொல்றேன்."

கேமராவில் இருந்த கார்டை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். தன் கேமராவில் இருந்ததைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். "இத ஃபார்மட் பண்ணிக்கோங்க. அழிக்காதீங்க."

ஒன்றரை மணிக்குப் படம் சட்டத்துக்குள் ஏறியது. ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஜன்னல் வெயில் கண்ணாடியில் விழுந்து முகத்தில் பாதியை மறைத்தது. அவள் வாசற்படிவரை பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். திரும்பி வந்து திரையைப் பாதி இழுத்துவிட்டு, மறுபடி வாசற்படிக்குப் போனாள்.

தாள் வெள்ளையாகத் தெரிந்தது.