அமிர்தத்தின் முறை

'அட்ஜஸ்ட்' என்ற சொல்லை வெள்ளைக்காரன் எந்த வேலைக்காகச் செய்து வைத்தானோ, அது அவனுக்கே வெளிச்சம். தியாகதுருகம் பக்கம் வந்து சேர்ந்த பிறகு அது செய்யாத வேலை இல்லை. கள்ளக்குறிச்சி பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் இடுப்பை இறக்கும்போது அதைத்தான் சொல்வார். ஜாக்கெட்டைப் பாழாக்கிய டெய்லர், 'போடப் போட அட்ஜஸ்ட் ஆயிடும்' என்பார். பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டால் ரசத்தில் அட்ஜஸ்ட். கட்டிக்கொடுத்த பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாலும் அதே மருந்துதான்.

அமிர்தத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஏறவே இல்லை. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவளைக் கேட்டால் பளிச்சென்று பொருள் சொல்வாள்: சொல்கிறவர் அசைய மாட்டார், கேட்கிறவர் நகர வேண்டும். அவள் வீட்டில் நகர்கிறவர் அவள் கணவர் தீனதயாளன். தங்கமான மனுஷன். யார் வந்து எதைக் கேட்டாலும், "அதுக்கின்னா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பார். அந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பங்காளியோடு கூட்டுக் கிணறு வைத்திருக்கலாமா?

கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, பங்கு இரண்டு. ஒரு நாள் தீனதயாளனுக்கு, மறுநாள் அவருடைய பெரியப்பா மகன் தனசேகரனுக்கு. மோட்டார் பெட்டியின் சாவி எந்த வீட்டில் இருக்கிறதோ, அன்றைய தண்ணீர் அந்த வீட்டுக்கு. விடிந்ததும் சாவி கைமாறிவிட வேண்டும். அப்பன் காலத்து ஏற்பாடு இது. ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. தனசேகரன்தான் மருமகன் வந்திருக்கிறான், ஆள் கிடைக்கவில்லை என்று ஏதாவது சொல்லித் தம்பியின் முறையை வாங்கிக்கொள்வார். வாங்கிய முறை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அன்று சாயங்காலம் அமிர்தம் கழனியில் நின்று ஒரு நெல்லை உருவி நகத்தால் அழுத்திப் பார்த்தாள். பால் பிடிக்கிற நேரம். வெள்ளையாகப் பீறிட வேண்டியது, பிசுக்கென்று பட்டதோடு நின்றுவிட்டது. காலடியில் மண் வெடித்திருந்தது. மேற்கே கல்வராயன் மலைமேல் மழை கறுத்துக்கொண்டு நின்றது. கீழே ஒரு பொட்டு விழவில்லை. நாளைய தண்ணீர் தவறினால் நெல்லெல்லாம் பதர்தான். வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டிய நெல் அது.

திரும்பி வரும்போது கரும்புக் கொல்லையில் தனசேகரன் யூரியா வீசிக்கொண்டிருந்தார். அன்று அவருடைய முறை. எலவனாசூர்கோட்டையில் காதுகுத்து என்று பகல் முழுக்கப் போய்விட்டு, மோட்டாருக்கு விடுகிற பகல் கரண்டும் போன பிறகு வந்து உரம் போடுகிறார்.

"இன்னா மாமா, தண்ணிக்கி இன்னா பண்ணுவீங்க?"

"தீனாகிட்ட சொல்லிட்டன் அமிர்தம். நாளிக்கி ஒரு நாளு அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. தண்ணி கட்டலன்னா போட்டதெல்லாம் வீணாப் பூடும்."

"கேட்டுட்டுப் போட்டீங்களா, போட்டுட்டுக் கேட்டீங்களா?"

தனசேகரன் சிரித்தார். "நம்ம தீனாதான. கேட்டா இன்னா, கேக்காட்டி இன்னா."

அவர் கேட்டது கூடப் பெரிதில்லை. கிடைத்துவிட்டது என்று நினைத்து உரத்தையே வீசிவிட்டாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவன் கையில் ஒரு கதிரை வைத்தாள்.

"அமுக்கிப் பாருங்க."

அவர் ஒரு நெல்லை அழுத்தினார். இன்னொன்றை அழுத்தினார். "அவரு வந்து கேட்டாரு. சரின்னுட்டன்" என்றார் தரையைப் பார்த்தபடி.

"கரும்பு நாலு நாளு காஞ்சாலும் தாங்கும். இது தாங்காது. நாளிக்கி நான் தண்ணி கட்டப் போறன். வர்றதுன்னா மம்மட்டியோட வாங்க. இல்லன்னா வூட்லயே இருங்க."

விடிகாலையில் அவள் எழுந்தபோது தீனதயாளன் படுத்தேதான் கிடந்தார்.

அமிர்தம் நேரே தனசேகரன் வீட்டுக்குப் போனாள். வாசலில் அவர் மனைவி ராதிகா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, சாவி" என்றாள் அமிர்தம், தினமும் கேட்கிற குரலில். ராதிகா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஆணியில் தொங்கிய சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். முறை அமிர்தத்துடையது, சாவி அவளுக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டில் ஒன்றும் சொல்லி வைக்காத தனசேகரன் கொல்லைப்புறத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

கரண்டு வந்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டது. அமிர்தம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் மடையைத் திறந்தாள். வெடித்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தலை நிமிர்ந்தால் வரப்பில் தீனதயாளன் மம்மட்டியோடு நிற்கிறார். இறங்கி அடுத்த வாய்க்காலை வெட்டிவிட்டார்.

வெயில் ஏறும்போது தனசேகரன் வந்தார்.

"இன்னா அமிர்தம் இது? என் யூரியா வெயில்ல கெடக்குது."

"எங்க முறை மாமா. கழனி ரொம்பினதும் மிச்ச கரண்டு உங்களுக்குத்தான்."

"உன்கிட்ட எனக்கின்னா பேச்சு? தீனா, நீ சொல்லுடா. வாக்குக் குடுத்தியா இல்லியா?"

அமிர்தம் கணவனைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாயிலிருந்து அந்தப் பழைய சொல் விழுந்துவிட்டால் எல்லாம் போச்சு.

தீனதயாளன் ஒரு மம்மட்டி சேறு அள்ளினார். கரும்புப் பக்கம் கசிந்துகொண்டிருந்த வாய்க்கால் வாயில் போட்டு, காலால் மிதித்து அடைத்தார்.

"குடுத்தன்ணா. தப்பாக் குடுத்துட்டன். கடைசி கழனி இன்னும் நனையல. நனைஞ்சதும் நானே வந்து கூப்புடறன்."

தனசேகரன் அப்படியே நின்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பார்; சொன்னது தீனா. திரும்பிப் போகவும் முடியாது. மிச்சத் தண்ணீர் அவருக்கு வேண்டும்.

மோட்டார் கொட்டகை ஓரத்தில் மட்டும் துண்டு நிழல் இருந்தது. அமிர்தம் போய் அதில் உட்கார்ந்தாள். சேலையை இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாக நகர்ந்தாள்.

"வெயில்ல நிக்காதீங்க மாமா. இப்பிடி வந்து உக்காருங்க. நெழலுதான, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."