முகத்தை மட்டும் கொண்டு வரவும்

நேர்முகத் தேர்வுக்கு முகத்தை மட்டும் கொண்டு வந்தால் போதும் என்று பள்ளியிலிருந்து தெரிவித்திருந்தார்கள். குழந்தைகள் முழுதாக வந்தால் நாற்காலிகள் போதாது. நியாயமான ஏற்பாடுதான்.

சம்யுக்தாவுக்கு மூன்றரை வயது. அந்த வயதில் முகம் இன்னும் இறுகியிருக்காது; காதோரம் விரலை விட்டு நெகிழ்த்தினால் கழன்று வந்துவிடும். கழற்றி, பயற்றமாவில் அலசி, நிழலில் உலர்த்தினேன்.

கொடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னடி பத்மஜா, கன்னத்துல இவ்வளவு சிரிப்பை விட்டு வச்சிருக்க? எங்க பெனிட்டோவுக்கு உதட்டோரத்துல துளிதான் இருந்துச்சு. அதுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க."

"தேய்ச்சுப் பார்த்தேன்க்கா, போகலை."

"எப்படிப் போகும்? வீட்டுல யாரோ சிரிப்பு மூட்டிக்கிட்டே இருக்காங்க. முதல்ல அந்த ஆளை நிறுத்து."

அந்த ஆள் என் கணவர். வேலையிலிருந்து வந்ததும் மகளுக்கு முன்னால் குரங்குபோலக் கீச்சிட்டு அக்குளைச் சொறிந்து காட்டுவார். தேர்வு முடியும்வரை சுவரைப் பார்த்து உட்காரும்படி கேட்டுக்கொண்டேன். உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் படித்த பள்ளிகளின் பெயரைச் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. அந்தச் சிரிப்பின்மேல் ஈரத்துணியை விரித்து, மிதமான சூட்டில் தினமும் இஸ்திரி போட்டேன். வாரக்கடைசிக்குள் கன்னம் சீரானது.

தேர்வன்று முகத்தை எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துச் சென்றோம். தலைமையாசிரியை எங்களைச் சுட்டிக்காட்டி, இவர்கள் யார் என்று முகத்திடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னைத் தூக்கி வந்தவர்கள்" என்றது முகம், பிசிறில்லாத ஆங்கிலத்தில்.

தலைமையாசிரியைக்குப் பிடித்துவிட்டது. என் கணவர் தட்டை என் கைக்கு மாற்றிவிட்டு ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். முகத்துக்கு இடம் கிடைத்தது. மீதிக்கு, அடுத்த ஆண்டு காலியிடம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

இப்போது காலையில் வேன் வந்து முகத்தை ஏற்றிச் செல்கிறது. மீதிப் பெண் வீட்டில் இருக்கிறாள். காதுகள் அவளிடமே இருப்பதால், விடுமுறை எடுத்த நாட்களில் என் கணவர் குரங்குபோலக் கீச்சிடும்போது அவளுடைய தோள்கள் குலுங்குகின்றன. அவருக்கு அது போதுமாக இருக்கிறது.

மாலையில் முகம் திரும்பியதும் பொருத்திச் சோறு ஊட்டுகிறேன். அவள் கைகள் என் விரல்களிலுள்ள உருண்டைக்காக நீளும். முகம் மறுபக்கம் திரும்பிக்கொண்டு ஸ்பூன் கேட்கும். நேற்று அப்படித் திரும்பியபடியே சொன்னது:

"மம்மி, சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங். டாடி வரட்டும், அவருக்குச் சுவரைப் பார்த்து உட்காரத் தெரியும். நீங்க இந்த மூஞ்சியோட வந்துடாதீங்க."

ரெஜினா அக்காவின் தங்கை வங்கியில் மேலாளர். சனிக்கிழமை அவருக்கு விடுமுறை என்பதால் தன் முகத்தை எனக்கு இரவல் தரச் சம்மதித்திருக்கிறார். அக்கா அடுப்பில் வெந்நீர் வைத்து, ஒற்றடத் துணியுடன் காத்திருக்கிறார். என் வயதில் காதோரம் இளகக் கொஞ்சம் நேரமாகும்.