மஞ்சள் தோட்டா

பன்னிரண்டு கேஜ் துவக்கால் சுடப்படாத பறவை செத்ததாகக் கணக்கில் வராது. இது என் அத்தான் யூலியனின் கொள்கை. இந்தப் பனிநாட்டில், ரொம்மன் புறநகர் வீட்டுச் சோபாவில் இருந்து, பூசையில் பிரசங்கம் வைக்கிற முகத்தோடு சொல்லுவார். கேஜ் எண் கூடக் கூடத் துவக்கின் குழாய் ஒடுங்கும். ஆகவே இருபது கேஜ் வைத்திருப்பவர்கள் அவருக்கு மனிதரிலேயே ஒடுங்கியவர்கள்.

அப்படி ஒருவர் அவருடைய கூட்டத்திலேயே இருந்தார்: ஞானரட்ணம் அண்ணை. நாலு தமிழ் பஸ் சாரதிகள் ஒவ்வொரு செப்டெம்பரும் மலைக்கோழி சுடப் போவார்கள். மலைக் குடிசையில் இறங்கியதும் எல்லோருடைய தோட்டாக்களையும் ஒரே பையில் கொட்ட வேண்டும். அத்தான் போட்ட சட்டம். ஆனால் இருபதின் மஞ்சள் தோட்டா பன்னிரண்டின் குழாய்க்குள் வழுக்கிப்போய் இடையில் நிற்கும். தெரியாமல் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் துவக்கே வெடிக்கும். அதனால் ஞானரட்ணம் தன்னுடையதைச் சாப்பாட்டுப் பெட்டியில் தனியே வைத்திருப்பார்.

"என்ன ஞானம், காமாலை இன்னும் மாறேல்லையோ?"

"வைத்தியம் நடக்குது யூலியன்" என்பார் அவர், பாணைக் கடித்தபடி.

இந்த மாசியில் அத்தான் பனியில் வழுக்கி வலத்தோளை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்தும் கை பாதி மரத்தே கிடந்தது. வேலைக்குப் போகவில்லை, சோபாவில் இருந்தார். சோபாவும் இருந்தது. வித்தியாசம், சோபாவை அக்கா தூசி தட்டுவாள்.

ஓகஸ்டில் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு வெடி. துவக்கை வைத்துவிட்டு வந்து காருக்குள் ஏறினார்.

"நோகுதோ அத்தான்?"

"நொந்தாப் பரவாயில்லையடா. கை இருக்கெண்டே தெரியேல்லை. இந்த முறை நான் போகேல்லை."

அன்று குசினியில் அக்கா வெங்காயம் வெட்டியபடி சொன்னாள்: "மலைக்கும் போகாட்டி இந்த மனுசன் இனி எழும்பாது, தம்பி."

நான் போய்ச் சோபாவின் மற்ற மூலையில் இருந்தேன்.

"இருபதெண்டால் பாரமில்லை அத்தான். உதையும் குறைவு."

"அது விளையாட்டுச் சாமான்."

"ஓம். ஞானரட்ணம் அண்ணை போன வருசம் சுட்டதுகளும் அப்ப இன்னும் பறந்து திரியும்."

அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார். அது போடப்பட்டிருக்கவில்லை.

செப்டெம்பரில் ஒரு காலை, "காரை எடு" என்றார். பின்சீற்றில் ஒரு துவக்கு உறை கிடந்தது. புது உறை.

குடிசையில் பை சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் கொட்டினார்கள். அத்தானிடம் வந்ததும், வெறுமனே அடுத்தவரிடம் கொடுத்தார். எழும்பிப் போய் மர வாங்கில் ஞானரட்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தார். ஞானரட்ணம் கொஞ்சம் அரக்கி இடம் விட்டார்.

அத்தான் இடக்கையால் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். பாணுக்குப் பக்கத்தில், மஞ்சள் மஞ்சளாக.