வாந்தி எடுக்கும் கடல்வீரன்

...வைக்கத்தான் போகிறாள், படத்தின் முதல் காட்சியாகவே வைக்கப் போகிறாள், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அண்ணன் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கிற இந்தத் துண்டை... நாளை பவளப்பாறை வழக்கு விசாரணையில் எல்லாரும் பார்க்கட்டுமே! கடல்வீரனாம் கடல்வீரன், பத்திரிகைக்காரன் கொடுத்த பட்டம், முழங்கால் தண்ணீரில் நின்றாலே முகம் வெளுத்துப்போகிறவனுக்கு. ஒரு வருடமாகக் காற்று உருளையைச் சுமந்துகொண்டு பவளப்பாறைக்கு இறங்கியவள் இவள், காதில் ரத்தம் வந்தது இவளுக்கு, படத்தில் ஒலிக்கிற குரல் மட்டும் அவனுடையதா? 'நான் மூழ்கிப் பார்த்தபோது' என்கிறான், கொஞ்சமும் கூசாமல். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. அம்மாவிடம் முறையிட்டால், "அவன் பேரு வந்தா என்ன, உன் பேரு வந்தா என்னடி, ஒரே வயித்துல பொறந்ததுங்கதானே"... இருக்கட்டும், நாளைக்கு இருக்கிறது அவனுக்குக் கச்சேரி.

எடிட்டிங் அறையில் ஏசி ஓடாமல் புழுங்கியது, கதவுக்கு அந்தப்பக்கம் அண்ணன் யாருக்கோ போனில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான், சாயங்காலத்துக்குள் படம் வக்கீல் கைக்குப் போயாக வேண்டும். அவர் புலம்பல் அவருக்கு. "கம்பெனியோட படகு பாறை மேல சேறு கொட்டுறத ஒரே ஒரு தடவை எடுத்திருக்கக் கூடாதாம்மா? அது இல்லாட்டி சத்தியம் பண்ணியே தப்பிச்சிடுவானுங்க, பாறை போச்சு." எங்கே எடுப்பது, கேமராவைக் கண்டாலே அந்தப் படகு நல்ல பிள்ளையாகிவிடுமே... அதற்கும் அண்ணன்தான் முந்திக்கொண்டு, "என் தப்புதான் சார், நான்தான் கோட்டை விட்டுட்டேன்" என்றான். பார்த்தீர்களா, தோல்வியில்கூட இவளுக்குப் பங்கு கிடையாது! வாந்தி எடுத்த அன்றைக்கே கெஞ்சினான், "அத அழிச்சிடு, நீயும் போட்டுப் பாக்காத" என்று. மானம் போகிறதாம். அதனால்தானே பத்திரமாக எடுத்து வைத்தாள், சமயம் வரட்டும் என்று இத்தனை நாள் பார்க்காமல்கூட வைத்திருந்தாள். ஒலியைக் கூட்டி ஓடவிட்டாள்.

முதலில் தூரத்துக் காட்சி, அண்ணனின் முதுகு, அவன் தோளுக்கு அப்பால்... என்ன அது? சேற்றுப் படகு. பாரம் இறங்க இறங்க அது மெல்ல உயர்கிறது, சுற்றிலும் கடல் பழுப்பாகிறது, ஐயோ, கொட்டுகிறான்! அண்ணனின் கை உயர்கிறது, 'எடுக்காதே' என்றுதானே அன்றைக்கு நினைத்தாள், இல்லை, விரல் நீள்கிறது, ஓங்கரிப்புக்கு நடுவே, "அங்க... அங்க திருப்புடி..." அதன் மேல் ஒரு சிரிப்பு, யார் சிரிப்பது இப்படி, இவளேதான், சிரிக்கச் சிரிக்கக் காட்சி அவன் முகத்தை நெருங்குகிறது, சேற்றுப் படகு திரையின் ஓரத்தில் நழுவிக் காணாமல் போகிறது, அதற்கப்புறம் கடைசி வரை முகம், முகம், எச்சில் வழியும் அந்த முகம் மட்டும். தள்ளிப் பார்த்தாள், நிறுத்திப் பார்த்தாள், ஆரம்பத்தில் தெரிகிற படகில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை, எந்தக் கம்பெனிப் படகென்று யார் நம்புவார்கள்? அப்படியானால் 'நீயும் பாக்காத' என்றானே, அது... அவனுக்குத் தெரியுமா, இத்தனை மாதமும் தெரிந்துகொண்டேதான் வக்கீல் முன்னால் இவள் தப்பைத் தன் தலையில்...

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் தலையை நீட்டினான். "என்னடி, முடிஞ்சுதா?"

சட்டென்று திரையை அணைத்தாள். ஏன் சொல்லவில்லை, ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என்ன, எல்லாவற்றிலும் இவனே பெரிய மனுஷனாக இருக்க வேண்டுமா... "இன்னும் இல்லண்ணா" என்றாள், அவன் போன பிறகும் நெஞ்சு எரிந்துகொண்டே இருந்தது, மற்றதையெல்லாம்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம், இதற்கு மட்டும் அவனை மன்னிக்க முடியாது போலிருந்தது.