மொட்டை டயர்

...மொட்டை என்றுதான் சொல்லப்போகிறார்கள், சொல்லட்டும், காசு கொடுத்து யாராவது மொட்டை டயரைப் புதிதாக வாங்குவார்களா என்று காஜா பேராங் தெரு முழுக்கச் சிரிக்கட்டும், முதலில் சிரிக்கப்போகிற ஆள் வீட்டிலேயே இருக்கிறார், கட்டின புருஷன்தான், கித்தாக் கிடங்கில் நாள் முழுக்க ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தரம் பிரிக்கிற மனிதருக்கு, ரப்பரைப் பற்றி இன்னொருவர் வாயைத் திறந்தாலே பொறுக்காது... அஞ்சலை சைக்கிள் கடை பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, மடியில் இரண்டு டயர்களை வைத்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று ஒல்லி, பல் பல்லாக வெட்டியது, இவ்வளவு நாள் ஓட்டியதன் தங்கச்சி. மற்றது அகலம், வழவழவென்று, விரல் வைத்தால் எங்கும் நிற்காமல் ஓடுகிறது. செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத் துரை ஒருவர் சொல்லி ஜோடியாக வரவழைத்ததாம், டயர் வந்து சேர்வதற்குள் துரை கப்பலேறிவிட்டார், மாதக் கடைசியில் நாட்டுக்குச் சுதந்திரம், வெளியே தெருவில் அலங்கார வளைவு கட்ட மூங்கில் இறக்குகிறார்கள், போகிறவர்கள் போக டயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. துரை ஒன்றும் முட்டாள் இல்லையே, அவரும் தார் ரோட்டிலும் செம்மண்ணிலும் ஓட்டியவர்தானே, எதையோ யோசித்துத்தானே சொல்லி வரவழைத்திருப்பார்... அல்லது அவரும் கடையில் உட்கார்ந்து இப்படித்தான் குழம்பினாரோ?

"மிஸ்ஸி, இன்னும் பாக்குதா? டயருக்கு மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குது" என்றார் தவுக்கே, கடைக்காரச் சீனர், தலைகீழாக நிற்கும் அவள் சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றியபடி. ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிற நர்சுக்கு மிஸ்ஸி என்றுதான் பெயர், பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டில் மட்டும், அதுவும் வீட்டுக்காரர் கோபமாக இருக்கும்போது மட்டும். போன மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து வந்த அன்று அப்படித்தான் கூப்பிட்டார், அஞ்சலை, பல்லு இருந்தாத்தான் மண்ணைக் கவ்வும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், நல்ல ஆழமான பல்லா பாத்துப் போடு, இல்ல டவுன் ஆஸ்பத்திரி வார்டுக்கு மாத்திக் கேளு, மின்விசிறிக்குக் கீழ நின்னு வேலை பாக்கலாம்... பல் வைத்த டயர்தானே என்னைத் தள்ளியது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சரளைக்கல்லில் பல் எதைக் கவ்வும், உருளுகிற கல்லைக் கவ்வி அதோடு தானும் உருளும், ஒல்லிச் சக்கரம் கத்தி மாதிரி உள்ளே இறங்கி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது, முட்டி தேய்ந்தது, அது ஆறிவிடும், கொதிக்க வைத்துச் சுற்றி எடுத்துப் போன கத்தரிக்கோல் மண்ணில் கிடந்ததே, அதைத்தான் மறக்க முடியவில்லை. போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டுக் கிழவி பிள்ளையைக் கையில் வாங்கிவிட்டாள், தாயும் பிள்ளையும் சௌக்கியம், எல்லாரும் சிரித்தார்கள், காப்பி கொடுத்தார்கள், இவளுக்கு மட்டும் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால்?

சரி, நிதானமாக யோசி, நீ எங்கே ஓட்டுகிறாய்? கிளேபாங்குக்குப் போனால் தார், கடைசியில் கடற்கரை மணல். செங்குக்குப் போனால் முக்கால்வாசி தார், பிறகு செம்மண்ணும் சரளையும், பிறகு ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அப்படியென்றால் அதிகம் தார், தாருக்கு எதற்குப் பல்? உர்ரென்று உறுமிக்கொண்டு, மிதிக்க மிதிக்கப் பின்னால் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி... மணலுக்கு அகலம் வேண்டும், சரளைக்கும் அகலம் வேண்டும், யானைக்கு எத்தனை பல் காலில், காஜா பேராங் என்று இந்தத் தெருவின் மலாய்ப் பெயரிலேயே ஒரு யானை மதம் பிடித்து நிற்கிறது, அது எங்காவது வழுக்கி விழுந்தது என்று யாரும் சொல்லிக் கேட்கவில்லையே. சேறுதான், சேற்றில் மட்டும்தான் பல் வேண்டும், ஆனால் சேற்றில் எந்த டயர் போட்டாலும் இறங்கித் தள்ளத்தானே வேண்டும்? இவ்வளவு யோசிக்கத் தெரிந்தவளுக்கு இதைக் கொடுங்கள் என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை, தவறிப் போனால் அவர் சொன்னது சரியாகிவிடும் என்றா... அட, அதுதானா? "இதையே போடுங்க தவுக்கே" என்று சட்டென்று நீட்டினாள், யோசித்தால் மறுபடி பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். அகல டயர் மட்கார்டில் உரசியது, தவுக்கே இரும்பை நெம்பித் தூக்கினார், விரல் நுழைய இடம் வந்தது. "கல்லு மாதிரி காத்து அடிக்காதீங்க, அமுக்கினா கொஞ்சம் உள்ள போகணும்" என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சுப்பையன் வந்து நின்றான், செங் தோட்டத்து லயத்துக்காரன், மூச்சு வாங்குகிறது, சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறான்.

"மிஸ்ஸி, ஜெயாவுக்கு வலி எடுத்திருச்சு, லாரியில தொத்திக்கிட்டு வந்தேன், வீட்ல கேட்டா இங்கன்னாங்க, லாரி போயிருச்சு..." ஜெயா, இவன் பெண்டாட்டி, இது இரண்டாவது பிள்ளை, முதல் பிள்ளைக்கே அவசரக்காரி, தண்ணீர் கொதிப்பதற்குள் பெற்றுவிட்டாள். பின்சக்கரம் இன்னும் தரையில் கிடக்கிறது. தவுக்கேயின் கை வேகம் பிடித்தது, அஞ்சலை பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள், சக்கரம் ஏறியதும் சுப்பையன் கைப்பிடியைப் பிடித்தான், "நான் மிதிக்கிறேன் மிஸ்ஸி, நீங்க பின்னால குந்துங்க." நன்றாயிருக்கிறது, பொத்தானையே மாறிப் போட்டு வந்தவன் மிதித்தால் இரண்டு பேரும் கால்வாயில்தான் கிடப்போம். "பையைப் புடிச்சிக்கிட்டு நீ குந்து" என்றாள். குந்தினான். பைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

வெள்ளைச் சேலை கட்டிய மிஸ்ஸி மிதிக்க, மீசை வைத்த ஆள் பின்னால் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மூங்கில் இறக்குகிறவர்கள் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார்கள், பார்க்கட்டும், மளிகைக் கடை வாசலில் அலாவுதீன் "என்ன மிஸ்ஸி, லாரி சர்வீஸா" என்றார், ஆமா காக்கா, செங்குக்கு இடமிருக்கு, ஏறிக்கிறீங்களா... இது என்ன, சத்தமே இல்லையே? பழைய டயர் உறுமுகிற உறுமல் இல்லை, தார் ரோடு பாய் விரித்த மாதிரி கீழே ஓடுகிறது, இரண்டு ஆள் பாரம், இருந்தும் கால் கனக்கவில்லை, துரையே, எங்கே இருந்தாலும் நன்றாயிருங்கள். ஆனால் இது தார், தாரில் யார்தான் ஓடமாட்டார்கள், செம்மண் வரட்டும் அப்புறம் பேசு. செம்மண் வந்தது. போன மாதம் விழுந்த அதே வளைவு, தூரத்திலேயே தெரிந்தது, முட்டி தானாகவே வலிக்க ஆரம்பித்தது, ஆறிப்போன முட்டி எப்படி வலிக்கும், இறங்கித் தள்ளலாமா, ஜெயா காத்திருப்பாளா, அவள் எப்போது காத்திருந்தாள்... "சுப்பையா, ஆடாம இரு, மூச்சுகூட மெதுவா விடு." சரளை நறநறவென்றது, சக்கரம் உள்ளே இறங்கவில்லை, கற்களை அமுக்கிக்கொண்டு மேலேயே போனது, கைப்பிடி ஒரு முறை நெளிந்து தானே நிமிர்ந்தது, வளைவு முடிந்துவிட்டது, முடிந்துவிட்டதா, இவ்வளவுதானா? சுப்பையன் மூச்சை விட்ட சத்தம் முதுகில் கேட்டது. பால்மரப் பாதையில் மட்டும், நேற்றைய மழையில் ஊறிய இலைகளின் மேல் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் போகப் பார்த்தது, சரி, இதுதான் உன் குறை, தெரிந்துகொண்டேன், யாருக்குத்தான் குறை இல்லை. "இறங்கு, தள்ளிக்கிட்டு வா" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

வந்துவிட்டாள், சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள், கை கழுவத் தண்ணீர் இருந்தது, கத்தரிக்கோல் துணிச் சுருளுக்குள் சுத்தமாக இருந்தது, ஜெயா இவள் மணிக்கட்டை நெரித்து "எங்க மிஸ்ஸி போயிருந்தீங்க" என்று கேட்டாள், டயர் வாங்க என்று சொன்னால் அந்த வலியிலும் அடிப்பாள், "இங்கதான் இருக்கேன்" என்றாள். உச்சிவெயில் சாய்வதற்குள் பெண் பிள்ளை, தலை நிறைய முடி, வந்த வேகத்தில் லயமே அதிர ஒரு கத்தல். அந்த வழவழப்பை, முதன்முதலாக வாங்கிக்கொள்கிற அந்தக் கனத்தை, எத்தனை பிள்ளை பார்த்தாலும் கை புதிதாகத்தான் உணர்கிறது, இதை விட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே... அங்கேயும் பிள்ளைகள் பிறக்கத்தான் செய்கின்றன, இருந்தாலும் இல்லை. சுப்பையன் வாசலில் ஊர்க்காரர்களிடம் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் மிஸ்ஸி வளைவில் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றிக் கைகளால் காட்டிக்கொண்டிருந்தான். இந்த முறை காப்பி இறங்கியது, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

திரும்பி வரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது, வளைவில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகப் போனாள், யாருக்கும் தெரிய வேண்டாம். வீட்டு வாசலில் அவள் புருஷன் கலியாணசுந்தரம் பனியனோடு நின்றிருந்தார், எவ்வளவு நேரமாக நின்றாரோ, இவளைப் பார்த்ததும் அப்போதுதான் வெளியே வந்தவர் போல எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தார். "பொண்ணு" என்றாள். "சௌக்கியமா?" என்றார். பிறகு குனிந்தார், கிடங்கில் ஷீட்டைப் பார்க்கிற அதே முகத்தோடு, டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார், நகத்தால் சுரண்டினார், மோந்து பார்த்தார், இப்போது வரும், மொட்டை என்று இப்போது வரும் என்று அஞ்சலை பதிலோடு தயாராக நின்றாள், "நல்ல பால்ல செஞ்சது" என்றார் அவர். அவ்வளவுதான். தயாராக வைத்திருந்த பதிலை எங்கே கொண்டுபோய் வைப்பது... "ஒரு சுத்து ஓட்டித்தான் பாருங்களேன்" என்றாள் சந்தோஷத்தில்.

அவர் வேட்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கைப்பிடியைப் பிடித்துச் சைக்கிளைத் திருப்பினார், ஏறவில்லை, பக்கத்தில் நடந்தபடியே விளக்குக் கம்பம் வரை தள்ளிக்கொண்டு போனார், காதைச் சாய்த்து டயர் உருளுவதைக் கேட்டார், அங்கிருந்து திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தார், மாட்டை ஓட்டி வருகிறவர் மாதிரி, ஒரு கை சீட்டின் மேல், பாதம் பெடலில் பட்டுவிடாமல் கொஞ்சம் ஒதுங்கி... அந்த ஒதுங்கலைப் பார்த்துக்கொண்டே நின்ற அஞ்சலைக்கு என்னவோ போலிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரைச் சைக்கிள் மேல் பார்த்திருக்கிறாளா? துடைப்பார், எண்ணெய் போடுவார், டயரைப் பற்றி, பல்லைப் பற்றி, பள்ளத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார், கிடங்குக்கு நடந்துதான் போவார், நடந்தால் உடம்புக்கு நல்லது என்பார், மேலே ஏறி... ஒரு நாள்கூட இல்லையே, ஒரு நாள்கூடவா இல்லை? அப்படியென்றால் வளைவும் சரளையும் சேறும் இவருக்குள் எப்படி இருக்கும், ஓட்டியே பார்க்காதவருக்கு ஒவ்வொரு கல்லும் எவ்வளவு பெரிதாக இருக்கும், அதைத்தான் இத்தனை நாளும் பல், ஆழமான பல் என்று சொல்லிக்கொண்டிருந்தாரோ... கேட்கலாமா, கேட்டால் முகம் என்னவாகும், கேட்காமலே கிளேபாங் மணலுக்கு ஒரு காலை வேளையில் கூட்டிக்கொண்டு போகலாம், மணலில் விழுந்தால் வலிக்காது, ஆனால் எதற்கு என்று கேட்பாரே, என்ன சொல்வது... "ஜோரா உருளுது" என்று அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார், "என்னத்த அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் அஞ்சலை.